அரை ஏக்கரில் தன்னிறைவா வாழ முடியுமா? நல்லேப்பிள்ளியை வைத்து ஒரு கணக்கு

"கொஞ்சம் நிலம் வாங்கி, ஒரு மாடு வச்சு, நம்ம சாப்பாட்டை நாமே விளைவிச்சு நிம்மதியா இருந்துடணும்." கோவையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் நண்பர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. நீங்களும் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அதற்கு எத்தனை சென்ட் நிலம் வேணும், எத்தனை லிட்டர் தண்ணீர் வேணும் என்று யாரும் பேப்பரில் போட்டுப் பார்ப்பதில்லை.

அதை இங்கே போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு நல்லேப்பிள்ளி. கோவையிலிருந்து வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வழியாக சித்தூர் போகும் சாலையில் இருக்கும் பஞ்சாயத்து இது. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லைப் பகுதி. நெல்லும் உண்டு, தென்னையும் உண்டு, தண்ணீர்க் கவலையும் உண்டு.

சுருக்கமான பதில் இதுதான்: அரை ஏக்கரில் முழுத் தன்னிறைவு கிடைக்காது. ஆனால் அரிசியையும் பருப்பையும் கடையில் வாங்கிக்கொள்ள சம்மதித்தால், மற்றதில் பெரும்பகுதியை வீட்டிலேயே எடுக்கலாம். அதுவும் தண்ணீர் இருந்தால் மட்டும்.

நாலு பேருக்கு வருஷத்துக்கு என்ன வேணும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 கலோரி என்ற கணக்கில் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் 300 மில்லி, பழம் 100 கிராம் என்கிறது அது. இதை நாலு பேருக்கு, 365 நாளுக்குப் பெருக்கி, நிலமாக மாற்றினால் கிட்டத்தட்ட இப்படி வரும்:

- அரிசி: 365 கிலோ. அதற்கு சுமார் 560 கிலோ நெல் வேண்டும். ஏக்கருக்கு 1,800 கிலோ விளையும் என்று வைத்தால் ஒரு போகத்தில் 31 சென்ட்.
- பருப்பு: 124 கிலோ. உளுந்து, பயறு ஏக்கருக்கு 300 கிலோ கிடைத்தால் 41 சென்ட்.
- தேங்காயும் எண்ணெயும்: நாளுக்கு ஒரு தேங்காய் சமையலுக்கு. ஒரு கிலோ எண்ணெய்க்குப் பத்துக் காய் என்றால், 39 கிலோ எண்ணெய்க்கு 400 காய். மொத்தம் 765 காய். நன்றாகக் கவனித்த 12 மரம் போதும். 7.5 மீட்டர் இடைவெளியில் நட்டால் 17 சென்ட்.
- காய்கறி, கீரை: 584 கிலோ. பூச்சியும் வெயிலும் கொண்டுபோவதைச் சேர்த்து 6 சென்ட்.
- பால்: ஒரு நாளைக்கு 1.2 லிட்டர் போதும், ஒரு மாடு அதைவிட அதிகமாகவே கொடுக்கும். ஆனால் அதற்குத் தினம் 25 கிலோ பசும்புல் வேண்டும். கோ ரகத் தீவனப்புல் போட்டால் 12 சென்ட்.
- வீடு, தொழுவம், கிணறு, எருக்குழி: 14 சென்ட்.

பழத்துக்குத் தனி நிலம் வேண்டாம். வாழையும் பப்பாளியும் தென்னைக்கு இடையிலேயே வரும்.

கூட்டினால் 121 சென்ட், அதாவது ஒன்றே கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. இதில் அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும் 72 சென்ட் போகிறது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் 49 சென்ட். அரை ஏக்கர் என்பது 50 சென்ட்!

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.18 ஹெக்டேர், அதாவது சுமார் 44 சென்ட். நாட்டுச் சராசரி 1.08 ஹெக்டேர். கேரளத்தின் வீட்டுத்தோட்டம் தென்னை, அதில் ஏறும் மிளகு, கீழே வாழை, அதற்கும் கீழே சேனை, சேம்பு, மஞ்சள், இஞ்சி என்று அடுக்கடுக்காக ஏன் இருக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும். நிலம் அகலமாக இல்லாததால் பயிரை மேலே மேலே அடுக்கினார்கள். அழகுக்காக அல்ல.

இந்த மாதிரிக் கணக்கும் புதிதல்ல. காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா (1892–1960), ஒரு லட்சம் பேருக்குச் சத்தான உணவு கொடுக்க எந்தப் பயிருக்கு எவ்வளவு நிலம் ஒதுக்க வேண்டும் என்று பட்டியல் போட்டவர். அவர் தன்னிறைவைப் பார்த்த அளவு ஒரு வீடல்ல, ஒரு வட்டாரம். நீங்கள் தேங்காய் கொடுத்து பக்கத்து வயல்காரரிடம் நெல் வாங்கினால் அதுவும் தன்னிறைவுதான்.

நிலம் வாங்கும்முன் என்ன பார்க்கணும்?

கேரளத்தில் இதுதான் முதல் கேள்வி. வருவாய்ப் பதிவேட்டில் அந்த இடம் 'நிலம்' என்று இருக்கிறதா, 'புரயிடம்' என்று இருக்கிறதா? அங்கே 'நிலம்' என்றால் நெல்வயல். 'புரயிடம்' என்றால் வீடும் தோட்டமும் வைக்கும் மேட்டு நிலம். தமிழில் எல்லாமே 'நிலம்' என்பதால் நம் ஆட்கள் ஏமாறுவது இங்கேதான்.

2008-ல் வந்த கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் நெல்வயலை மண் போட்டு மேடாக்குவதைத் தடுக்கிறது. எது நெல்வயல் என்பதற்கு ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் 'டேட்டா பேங்க்' என்ற பட்டியல் உண்டு. அதில் இருக்கும் வயலில் தென்னந்தோப்பு போடுவதோ, தொழுவம் கட்டுவதோ உங்கள் இஷ்டத்துக்கு முடியாது. வீடு கட்ட வேறு இடமே இல்லாத உரிமையாளருக்கு மட்டும், பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை, நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. இடம் தவறுதலாகப் பட்டியலில் சேர்ந்திருந்தால் நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்குக் காலம் பிடிக்கும்.

"விலை கம்மியா இருக்கே" என்று தோன்றும் இடம் பெரும்பாலும் வயலாக இருக்கும். அட்வான்ஸ் கொடுக்கும்முன் வில்லேஜ் ஆபீஸிலும் கிருஷி பவனிலும் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள். கிருஷி பவன் என்பது பஞ்சாயத்துதோறும் இருக்கும் வேளாண் அலுவலகம்.

தண்ணீர்: கணக்கு உடையும் இடம்

கேரளம் என்றாலே மழை என்று நினைப்போம். ஆனால் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முனையில் இருக்கும் சித்தூர் பக்கம் மழை மறைவுப் பகுதி. மாநிலத்தின் மற்ற இடங்களைப் போல இங்கே பெய்யாது. கணவாய்க் காற்று ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

இங்கே வயலுக்குத் தண்ணீர் வரும் வழி சித்தூர்ப்புழை. அது தமிழ்நாட்டின் ஆனைமலைப் பக்கமிருந்து வரும் ஆழியாற்றின் தொடர்ச்சி. 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். மழை குறையும் ஆண்டுகளில் இரு மாநிலங்களுக்கும் இடையே இது பெரிய பேச்சாகிவிடும். பொள்ளாச்சி விவசாயிக்கும் அதே தண்ணீர்தான் என்பதால் இதில் யாரையும் சுலபமாகக் குறை சொல்ல முடியாது.

நிலத்தடி நீர்? சித்தூர் வட்டாரம் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கெடுப்புகளில் 'மிகைச் சுரண்டல்' என்று குறிக்கப்பட்ட வட்டாரம். இதே தாலுகாவில் பெருமாட்டி பஞ்சாயத்தில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. 2000-ல் அங்கே கோகோ கோலா ஆலை வந்தது. கிணறுகள் வற்றுகின்றன, தண்ணீர் கெடுகிறது என்று 2002-ல் ஊர் மக்கள் போராட்டம் தொடங்கினார்கள். 2004-ல் ஆலை நின்றது. இங்கே தண்ணீர் என்பது ஊர் முழுவதும் சேர்ந்து பார்க்கும் விஷயம். "ஆயிரம் அடி போர் போட்டுக்கலாம்" என்ற திட்டத்தோடு வராதீர்கள்.

சரி, நம் 49 சென்ட்டுக்குக் கோடையில் ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்? வீட்டுக்கு, ஆளுக்கு 55 லிட்டர் வீதம் 220 லிட்டர். தென்னைக்குச் சொட்டுநீரில் மரத்துக்கு 50 லிட்டர் வீதம் 600. காய்கறிக்கு 1,200. மாட்டுக்கு 80. தீவனப்புல்லுக்கு 2,400. மொத்தம் 4,500 லிட்டர். பாதிக்கு மேல் அந்த ஒரு மாட்டுக்கே போகிறது! தண்ணீர் சந்தேகமாக இருந்தால் முதலில் விட வேண்டியது மாடு. பாலை அக்கம்பக்கத்தில் வாங்கி, நீங்கள் கோழி வளர்ப்பதே நல்லது.

மழைநீரைப் பிடித்தால் போதுமா? 100 சதுர மீட்டர் கூரையில் 1,000 மி.மீ. மழை விழுந்தால் ஒரு லட்சம் லிட்டர். வழியில் போவதைக் கழித்தால் 80,000. நாலு பேரின் வருஷத்து வீட்டுத் தேவையும் சரியாக அவ்வளவுதான். ஆனால் பிப்ரவரி முதல் மே வரை தோட்டத்துக்கும் சேர்த்து உங்களுக்கு 5 லட்சம் லிட்டர் வேண்டும். அவ்வளவு பெரிய தொட்டி யாரும் கட்ட முடியாது. அதனால் கூரைத் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றுக்குள் விடுவதே வழி. திருச்சூர் மாவட்டத்தில் 2008-ல் தொடங்கிய 'மழப்பொலிமா' திட்டம் செய்ததும் இதைத்தான். அதோடு தென்னைக்கு மூடாக்கு, சரிவுக்குக் குறுக்கே வரப்பு.

இதே மாவட்டத்து அட்டப்பாடியில் 1980-களில் ஆசிரியர்களான கோபாலகிருஷ்ணனும் விஜயலட்சுமியும் 'சாரங்' என்ற இடத்தை உருவாக்கினார்கள். மண் அரித்துப்போன மலைச்சரிவு அது. அவர்கள் கை வைத்தது மழைநீரைத் தடுத்து நிறுத்தும் வேலையில். பச்சை திரும்ப ஆண்டுகள் பிடித்தன.

வேலையை யார் செய்வது?

கறவை மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. காலையும் மாலையும், கல்யாணமோ காய்ச்சலோ, பால் கறந்தே ஆகணும். தென்னை ஏற ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால்தான் தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் மரம் ஏறும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. பாலக்காட்டு வயல்களில் மயிலும் காட்டுப்பன்றியும் வேறு பங்கு கேட்டு வரும்.

இன்னொன்றையும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். "நாம தன்னிறைவா வாழறோம்" என்று கணவர் சொல்லும் பல வீடுகளில் தொழுவம், கோழி, கீரைப்பாத்தி, சமையல் எல்லாம் மனைவி தலையில் இருக்கும். வேலைப் பட்டியலை எழுதி, பெயர் போட்டுப் பிரித்த பிறகு நிலம் தேடுங்கள்.

காசு எங்கிருந்து வரும்?

உப்பு, கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரி, மொபைல் ரீசார்ஜ் எதுவும் மண்ணில் விளையாது. சித்தூர் பக்கம் தென்னையைக் கள் இறக்க விட்டு வருமானம் பார்ப்பது பழைய வழக்கம். கேரளத்தின் பல பகுதிகளுக்குக் கள் போவதே இங்கிருந்துதான். ஆனால் அதற்கு அரசு உரிமம் வேண்டும், 12 மரத்தில் பெரிதாக ஒன்றும் நிற்காது. அரை ஏக்கர் உங்கள் செலவைக் குறைக்கும். சம்பளத்துக்கு மாற்றாக அதை நம்பி லோன் வாங்காதீர்கள்.

எதில் தொடங்குவது?

சீக்கிரம் காய்ப்பதில் தொடங்கி, தாமதமாகக் காய்ப்பதை அதே நாளில் நட்டுவிடுங்கள். கீரை ஒரு மாதத்தில் வரும். முருங்கை எட்டு மாதத்தில், பப்பாளி பத்து மாதத்தில், வாழையும் சேனையும் ஏறக்குறைய ஒரு வருஷத்தில். ஒட்டுப் பலா மூன்று, நான்கு வருஷம். நெட்டை ரகத் தென்னைக்கு ஆறேழு வருஷம். அதாவது வெறும் நிலம் வாங்கினால் மேலே போட்ட கணக்கு முழுசாக நிறைவேற ஏழு வருஷம் ஆகும். காய்க்கிற தென்னையும் வற்றாத கிணறும் இருக்கிற இடத்துக்குக் கூடுதல் விலை சொல்கிறார்கள் என்றால், அந்த ஏழு வருஷத்துக்கான விலை அது.

வேலையை விடும்முன் இரண்டு விஷயம் செய்யலாம். ஒன்று, இந்த மாத மளிகை, காய்கறி, பால் பில்லை எடுத்து, அதில் எது 49 சென்ட்டில் விளையும் என்று கோடு போடுங்கள். மாதச் செலவில் எவ்வளவு குறையும் என்று தெரிந்துவிடும். இரண்டு, பிடித்த இடத்தை மழைக்காலத்தில் பார்த்து மயங்காமல், ஏப்ரல் கடைசியில் ஒருமுறை போய் அந்தக் கிணற்றை எட்டிப் பாருங்கள். அப்போதும் தண்ணீர் இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.