மூச்சைக் காப்பவருக்கு ஒரு தேர்வு

மும்பையின் வடகிழக்கே, மத்திய ரயில் பாதையில் அமைந்த பாண்டுப், தமிழ்க் குடும்பங்களும் நெடுங்காலமாகக் குடியிருந்துவரும் புறநகர். அங்கே 2021 மார்ச் 25 ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, ஒரு வணிக வளாகத்தில் தீ மூண்டது. அவ்வளாகத்தின் மேல்தளத்தில் கொரோனா நோயாளர் தங்கிய மருத்துவமனை இயங்கிவந்தது. புகை சூழ்ந்த அவ்விரவில் நோயாளர் பலர் உயிர் துறந்தனர். அதற்கு முந்திய நாளில்தான், தில்லியில் மக்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியிருந்தது. மருத்துவருக்குத் துணைநின்று பணிபுரியும் பலவகைத் தொழிலாளருக்குப் பதிவும் தகுதி வரம்பும் வகுக்கும் மசோதா அது. சுவாசக் கருவிகளை இயக்கும் தொழில்நுட்பரும் அவர்களுள் அடங்குவர்.

தீ மூண்டதற்கும் அம்மசோதாவிற்கும் தொடர்பில்லை. ஆயினும், எழுந்து நடக்கவும் வாய் திறந்து ஒரு சொல் சொல்லவும் இயலாத நோயாளியின் நிலையை நாம் எண்ணிப் பார்த்தால், அத்தகைய சட்டத்தின் தேவை விளங்கும். தொண்டையில் குழாய் பொருத்தப்பெற்றவர், "ஐயா, இக்கருவியை இயக்க நீர் எங்கே பயின்றீர்?" என்று கேட்க முடியுமா? அவர் பொருட்டுச் சமுதாயம் முன்கூட்டியே கேட்டு வைக்கும் கேள்விதான் தேர்வு. அக்கேள்வி எழுந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

1940-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் பிராணவாயு உருளைகளை நோயாளியின் படுக்கையருகே உருட்டிச் செல்லும் ஏவலாளர் இருந்தனர். உருளையைத் திறப்பதும் மூடுவதுமே அவர்களுடைய வேலையாகத் தொடங்கிற்று. நாளடைவில் கருவிகள் பெருகின, பொறுப்பும் பெருகிற்று. 1947-இல் சிகாகோவில் அவர்களுக்கென ஒரு சங்கம் அமைந்தது.

1952-இல் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனை இளம்பிள்ளைவாதம் வாட்டியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தோர் வரிசையாக வந்து சேர்ந்தனர். கருவிகளோ மிகச் சில. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் முறையைக் காட்டினார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் பைகளை அழுத்தினர். இறப்பு விகிதம் வெகுவாகக் குறைந்தது. கையால் மூச்சளிக்கலாம் என்பதை அந்த ஆண்டு உலகுக்கு உணர்த்தியது. அந்தக் கை பயின்ற கையாக இருத்தல் வேண்டும் என்பதையும் உணர்த்தியது.

1960-இல் அமெரிக்காவில் இத்தொழிலுக்கெனத் தனிப் பதிவுக் கழகம் தோன்றிற்று. அவ்வாண்டே மினியாபொலிஸ் நகரில் முதல் தேர்வு நடந்தது. எழுத்துத் தேர்வோடு, வல்லுநர் முன் அமர்ந்து விடையளிக்கும் வாய்மொழித் தேர்வும் இருந்தது. முதற் பதிவு பெற்றவர் மேரி இவான் ஜென் என்னும் கன்னித்துறவி. பின்னர், 1970-களின் இறுதியில், வாய்மொழித் தேர்வு நீங்கி, ஒரு நோயாளியின் நிலையைப் படிப்படியாக விவரித்து, "இப்போது என்ன செய்வாய்?" என வினவும் முறை வந்தது. நினைவாற்றலைவிட முடிவெடுக்கும் ஆற்றலை அளப்பதே அதன் நோக்கம்.

நம் நாட்டிற்கும் இத்தகைய எண்ணம் புதியதன்று. மருத்துவரைப் பதிவு செய்யும் சட்டம் பம்பாய் மாகாணத்தில் 1912-இலேயே வந்தது. செவிலியர், மருத்துவச்சியருக்கான பதிவுச் சட்டம் 1935-இல் வந்தது. 1948-இல் இந்திய மருந்தியல் சட்டம் இயற்றப்பட்டபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஆண்டாண்டாக மருந்து கலந்து கொடுத்த காம்பவுண்டர்களை என்செய்வது? ஐந்தாண்டுகளுக்குக் குறையாத அனுபவம் உடையோரை முதற் பதிவேட்டில் சேர்க்கலாம் என்று அச்சட்டம் இடந்தந்தது. பழைய கையைப் புறக்கணியாமலும், புதியவருக்குப் படிப்பை விதித்தும், அது நடுவழி கண்டது.

சுவாசத் துறையில் 1990-களில் கருநாடகத்தின் மணிப்பாலில் பட்டப்படிப்பு தொடங்கிற்று. தமிழகத்தில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் இப்படிப்பிற்குப் பட்டம் வழங்குகிறது. ஆயினும், பட்டம் ஒன்று, தொழில் புரிய நாடு தழுவிய உரிமை வேறொன்று. இவ்வேறுபாட்டைப் பெருந்தொற்று நமக்குக் கண்முன் நிறுத்தியது. சுவாசக் கருவிகளை விலைகொடுத்து வாங்கிவிடலாம். அவற்றை இயக்கத் தெரிந்தவரை ஒரே வாரத்தில் உருவாக்க இயலாது. 2021 மார்ச் 28-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டம், தேசிய ஆணையத்திற்கும் மாநில மன்றங்களுக்கும் வழிவகுத்து, தொழில் புரிய உரிமம் தரும் தேர்வுக்கும் இடமளிக்கிறது. ஏற்கெனவே பணிபுரிவோரும் பதிவு பெறுவதற்கு அதில் வழியுண்டு.

சட்டம் எழுதப்பட்டதோடு பணி முடிந்துவிடுவதில்லை. பெரிய மருத்துவமனையின் கூடத்தில் மட்டுமன்றி, பாண்டுப் போன்ற புறநகரின் சிறிய மருத்துவமனையிலும் நள்ளிரவுப் பணியில் நிற்பவருக்கு அத்தேர்வு எட்டுதல் வேண்டும். கட்டணமும் மொழியும் தொலைவும் அதற்குத் தடையாகிவிடலாகாது. பதினைந்தாண்டு உழைத்தவரைக் காகிதம் இல்லை என்று தள்ளுவது அநீதி. உழைத்தார் என்ற ஒன்றையே கொண்டு, அறிவைச் சோதியாமல் விடுவதும் அநீதியே. காம்பவுண்டர்களின் காலத்தில் நாம் கண்ட நடுவழி இன்றும் நமக்கு உதவும்.

படிப்பை முடித்து வழி தேடும் நம் இளைஞரும் நங்கையரும் இத்தொழிலை எண்ணிப் பார்க்கலாம். பேச இயலாதவரின் சார்பில் கேட்கப்படும் கேள்விக்கு நாணயமாக விடையளிப்பது, ஓர் உயிருக்கு வாக்குக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.