ஸ்நாப்: ஒரு சொல் தலைகீழான கதை

அடுத்தவரை மட்டமாகப் பார்ப்பவரை ஆங்கிலத்தில் 'ஸ்நாப்' என்பார்கள். தன் படிப்பு, ரசனை, பழகும் வட்டம் இவற்றை வைத்துத் தன்னை ஒரு படி மேலே நிறுத்திக்கொள்பவர். நாம் 'பந்தா', 'தலைக்கனம்' என்போம். கொஞ்சம் இலக்கியமாக 'மேட்டிமை'. ஆனால் எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. ஏன் என்று தெரிய அந்தச் சொல்லின் வரலாற்றைப் பார்க்கணும்.

முதலில் எல்லோரும் சொல்லும் கதை. 'சினே நோபிலிதாத்தே' என்ற லத்தீன் தொடருக்குப் 'பிரபுத்துவம் இல்லாமல்' என்று பொருள். பிரபு வீட்டுப் பிள்ளையல்லாத மாணவர்களின் பெயருக்கு எதிரே கல்லூரிப் பதிவேட்டில் இதை 'எஸ். நாப்' என்று சுருக்கிக் குறித்தார்களாம். அதுவே ஸ்நாப் ஆனதாம்.

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனால் கிடைக்கிற சான்றுகளோடு ஒட்டவில்லை. 1780களில் இந்தச் சொல் முதலில் தென்படும்போது அதன் பொருள் செருப்புத் தைப்பவர், அல்லது அவரிடம் தொழில் பழகும் பையன். லத்தீனும் இல்லை, பிரபுவும் இல்லை. போதாததற்கு, முதலெழுத்துகளைச் சேர்த்துப் புதுச்சொல் உண்டாக்குவது 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலான பழக்கம். 'பாஷ்' என்ற சொல்லுக்கு இந்தியாவுக்கு வரும் கப்பலின் இடப்பக்க, வலப்பக்க அறைகளை வைத்துச் சொல்லும் விளக்கமும் இதே ரகம்தான். அதற்கும் ஆதாரம் கிடையாது.

1790களில் சொல் கேம்பிரிட்ஜுக்குள் நுழைகிறது. அங்கே அங்கி போட்ட மாணவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் பழைய பகை. பல்கலைக்கழகத்தைச் சேராத கடைக்காரர், கைத்தொழிலாளி எல்லோரையும் மாணவர்கள் 'ஸ்நாப்' என்று இளக்காரமாக அழைத்தார்கள். 1830கள் வாக்கில் இங்கிலாந்தில் பொதுவாகவே கீழ்த்தட்டு மக்களைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அதாவது அன்றைய ஸ்நாப், இழிவாகப் பார்க்கப்பட்டவர்.

திருப்பம் தாக்கரேயால் வருகிறது. கல்கத்தாவில் 1811இல் பிறந்து, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் படித்து, பட்டம் வாங்காமல் வெளியேறியவர். 1829இல் அங்கே மாணவர்கள் நடத்திய 'தி ஸ்நாப்' என்ற சிறு பத்திரிகையில் எழுதியிருக்கிறார். பிறகு 1846–47இல் 'பஞ்ச்' இதழில் இங்கிலாந்தின் ஸ்நாப்கள் பற்றித் தொடர் எழுதினார். 1848இல் அது நூலானது. தொடரின் தலைப்பிலேயே, எழுதுபவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் என்று அறிவித்துக்கொண்டார்.

அது ரயில்வேயும் ஆலைகளும் புதுப் பணக்காரர்களை உண்டாக்கிய காலம். கையில் காசு வந்தாச்சு, மரியாதை வரல. அதற்காகப் பிரபுக்களைப் பார்த்து நடை, உடை, விருந்து எல்லாவற்றையும் நகலெடுத்தார்கள். தாக்கரே பிடித்தது இவர்களைத்தான். ஆனால் அவர் ஏழையைக் கேலி செய்யவில்லை, பட்டத்தையும் பதவியையும் கண்டு குழைகிற புத்தியைக் கேலி செய்தார். அந்தப் புத்தி அரண்மனையிலும் இருக்கும், பாதிரியாரிடமும் இருக்கும் என்றார். அதனால் சொல் வர்க்கத்தைவிட்டு நடத்தைக்கு நகர்ந்தது. மேலே பார்த்துக் குழைபவன் கீழே பார்த்து மூக்கைச் சுளிப்பான் அல்லவா? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இரண்டாவது பாதியே முதன்மைப் பொருளாகிவிட்டது.

நம் 'பந்தா'வில் இந்த இரண்டாம் பாதி மட்டும்தான் இருக்கிறது. பெரிய இடத்தைக் கண்டதும் நெளிகிற முதல் பாதி இல்லை. மொழிபெயர்ப்பாளர் எந்த இடத்தில் எந்தப் பாதி பேசப்படுகிறது என்று பார்த்துத்தான் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டு நூலில் ஸ்நாப் வந்தால் உடனே 'திமிர் பிடித்தவன்' என்று போட்டால் அர்த்தமே கவிழ்ந்துவிடும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. செருப்புத் தைப்பவரின் பெயராக இருந்த சொல்லுக்கு லத்தீனில் ஒரு வம்சாவளி தேடிக் கொடுத்திருக்கிறார்களே, அந்த ஆசைக்குப் பெயர் என்ன? ஸ்நாப்தனம்தான்.