ஒரு மொழியும் பதினெட்டுப் பிரிவுகளும் : லெபனான் கூறும் வரலாறு

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. ஒரு நாட்டு மக்களை ஒன்றாக்குவது எது? மொழியே என்பது நம்மிற் பெரும்பாலோர் தரும் விடை. சீறாப்புராணமும் தேம்பாவணியும் ஒரே மொழியிற் பிறந்த மண்ணில் அவ்விடை எழுவது இயல்பே. எனினும், ஒரே மொழி பேசிய மக்கள் பதினைந்து ஆண்டுகள் ஒருவரையொருவர் கொன்ற வரலாறும் உலகில் உண்டு. மத்தியதரைக் கடலோரத்துச் சிறு நாடாகிய லெபனான் அதற்குச் சான்று. அங்கு வாழும் கிறித்தவர், இசுலாமியர், துரூசுகள் ஆகியோருள் மிகப் பெரும்பாலோரின் தாய்மொழி அரபே. அந்நாட்டின் வரலாற்றை நம் விடைக்கு உரைகல்லாகக் கொண்டு நோக்குவோம்.

அகராதி செய்தவரின் குரல்

1860-ஆம் ஆண்டில், உதுமானியப் பேரரசின் கீழிருந்த லெபனான் மலைப்பகுதியில் மாரோனைட்டுக் கிறித்தவருக்கும் துரூசுகளுக்கும் பெரும்போர் மூண்டது. ஊர்கள் எரிந்தன; ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவ்வழிவின் நடுவே புத்ருசு அல்-புசுத்தானி என்னும் அறிஞர், தம் பெயரை மறைத்துத் தாய்நாட்டை நேசிப்பவன் என்று மட்டும் ஒப்பமிட்டுப் பதினொரு துண்டறிக்கைகளை வெளியிட்டார். சமயத்தால் வேறுபட்டோரும் ஒரே தாய்நாட்டின் மக்கள் என்பதே அவற்றின் சாரம். 1863-இல் எல்லாப் பிரிவினரின் பிள்ளைகளும் சேர்ந்து பயிலும் பள்ளியொன்றைப் பெய்ரூட்டில் நிறுவினார். பின்னர் அரபு மொழிக்குப் பேரகராதியொன்றும் இயற்றினார். மொழிப்பணியும் ஒற்றுமைப்பணியும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. ஆயின், தாய்நாடு என்று அவர் குறித்தது சிரியாவை என்பது கருதத்தக்கது. லெபனான் என்னும் நாடு அன்று பிறந்திருக்கவில்லை.

இரண்டு மறுப்புகள்

1920 செப்டம்பர் 1 அன்று பிரெஞ்சுத் தளபதி கூரோ பெரிய லெபனானை அறிவித்தார். கிறித்தவர் மிகுந்த மலைப்பகுதியுடன் பெய்ரூட், திரிப்போலி, சைதா, பெக்கா முதலிய பகுதிகள் இணைக்கப்பட்டன. இணைக்கப்பட்ட பகுதிகளின் இசுலாமியர் பலர் சிரியாவோடு சேரவே விழைந்தனர்; மாரோனைட்டுகள் பலர் பிரான்சின் பாதுகாவலை நாடினர். 1932-இல் எடுத்த குடிக்கணக்கு, கிறித்தவரைப் பாதிக்குச் சற்று மேற்பட்டவராகக் காட்டியது. அதன்பின் இன்றுவரை அங்கு அதிகாரபூர்வக் குடிக்கணக்கே எடுக்கப்படவில்லை. எண்ணிக்கை மாறினால் ஆட்சியும் மாற வேண்டும் என்னும் அச்சமே காரணம்.

1943-இல் விடுதலை பெற்றபோது, பிசாரா அல்-கூரி என்னும் மாரோனைட்டுத் தலைவரும் ரியாத் அல்-சுல்கு என்னும் சுன்னித் தலைவரும் எழுதா உடன்படிக்கையொன்று செய்துகொண்டனர். கிறித்தவர் பிரான்சை நாடார். இசுலாமியர் சிரியாவோடு இணைதலை நாடார். குடியரசுத் தலைவர் மாரோனைட்டு, தலைமையமைச்சர் சுன்னி, அவைத் தலைவர் சியா என்னும் மரபு நிலைபெற்றது. நாடாளுமன்ற இடங்கள் ஆறு கிறித்தவருக்கு ஐந்து இசுலாமியர் என்னும் விகிதத்திற் பகுக்கப்பட்டன. இரண்டு மறுப்புகள் சேர்ந்து ஒரு நாடாகிவிடா என்று 1949-இல் எழுதிய இதழாசிரியர் சார்சு நக்காசு சிறை சென்றார். எதுவாக இருக்கமாட்டோம் என்பதில் உடன்பட்ட மக்கள், எதுவாக இருப்போம் என்பதை முடிவு செய்யவில்லை என்பதே அவர் சுட்டிய குறை.

அடையாள அட்டை

1948-க்குப் பின் வந்த பாலத்தீன அகதிகளும், 1970-க்குப் பின் அங்கு நிலைகொண்ட பாலத்தீனப் படையினரும் இந்நிலையற்ற சமநிலையைக் குலைத்தனர் என்பர் ஒருசாரார். தென்பகுதிச் சியா மக்களின் வறுமையையும் அதிகாரப் பங்கீட்டின் நேர்மையின்மையையும் காரணமாகக் கூறுவர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மையுண்டு. 1975 ஏப்ரல் 13 அன்று பெய்ரூட்டின் ஐன் அல்-ரும்மானா பகுதியில் பாலத்தீனர் சென்ற பேருந்து தாக்கப்பட்டு இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதே போரின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

அந்நாட்டின் அடையாள அட்டையில் ஒருவரது சமயப்பிரிவு எழுதப்பட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று பெய்ரூட்டின் சாலைத் தடைகளில் அட்டையைப் பார்த்தே மக்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் பேசிய அரபு அவர்களைக் காக்கவில்லை.

எனினும் இதனைச் சமயப்போர் என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. 1976-இல் சிரியப் படை நுழைந்தது. 1978-இலும் 1982-இலும் இசுரேல் படையெடுத்தது. இறுதி ஆண்டுகளில் சியா அமைப்புகளாகிய அமலும் ஹிசுபுல்லாவும் தம்முள் மோதின. கிறித்தவப் படைகளும் 1990-இல் தம்முள் போரிட்டன. ஒரே சமயமும் அவர்களை ஒன்றாக்கவில்லை என்பதே இதன் பொருள்.

இரு கவிஞர்

கவிஞர்களாகிய உங்கள் முன் இருவரை நிறுத்த விரும்புகிறேன். இருவரும் கிறித்தவக் குடும்பத்தினர். சயீத் அக்கல், லெபனானியர் அரபியர் அல்லர், பினீசியரின் வழித்தோன்றல்கள் என்றார். பேச்சுமொழியைத் தனிமொழியாகக் கொண்டு உரோமன் எழுத்துகளில் எழுதி, 1961-இல் நூலும் வெளியிட்டார். போர்க்காலத்தில் தீவிர தேசியப் படையொன்றின் கருத்தியல் வழிகாட்டியாகவும் கருதப்பட்டார். கலீல் ஹாவியோ அரபு மறுமலர்ச்சியைப் பாடியவர். இளமையிற் கட்டடத் தொழிலாளியாக உழைத்து, பின்னர் கேம்பிரிட்சில் முனைவர் பட்டம் பெற்று, பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அரபு இலக்கியம் கற்பித்தார். இசுரேல் படையெடுத்த 1982 சூன் 6 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அம்முடிவை நான் போற்றவில்லை. ஆயினும், இலக்கியம் கற்பித்தே வாழும் எனக்கு அந்நாளை எளிதிற் கடந்துசெல்ல இயலவில்லை. ஒரே நாட்டில், ஒரே சமயத்திற் பிறந்த இருவர் தம் மக்களுக்கு வெவ்வேறு பெயரிட்டனர். நாட்டின் அடையாளம் பிறப்பால் வருவதன்று, சொல்லப்படுவது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நிறைவாக

1989-இல் தாயிப் உடன்படிக்கை இடப்பகிர்வைச் சமமாக்கியது. திருத்திய அரசமைப்பு, லெபனான் தன் மக்கள் அனைவருக்கும் இறுதியான தாயகம் என்றும், பிரிவுவழி அரசியலை ஒழிப்பது நாட்டின் குறிக்கோள் என்றும் கூறியது. முதலது எழுத்தில் நின்றது, இரண்டாவது நிறைவேறவில்லை. ஏறத்தாழ 1,50,000 பேர் மாண்டனர் என்றும் 17,000 பேர் காணாமற் போயினர் என்றும் மதிப்பிடுவர். 1991-இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. காணாமற் போனோரைத் தேடும் சட்டமோ 2018-இல்தான் வந்தது. போரைப் பற்றி அனைவரும் ஏற்கும் பள்ளி வரலாற்று நூல் இன்னும் உருவாகவில்லை. 2019 அக்டோபரில் எல்லாப் பிரிவு இளைஞரும் ஒன்றாகத் தெருவில் திரண்டபோதுதான் புசுத்தானியின் பழைய குரல் மீண்டும் கேட்டது.

மொழி மக்களை இணைக்கும் என்னும் நம் விடையை நான் கைவிடவில்லை. ஆனால் மொழி மட்டும் போதாது. குடிமகனைக் குடிமகனாகவே எண்ணும் அரசும், பட்ட துயரை ஒளிக்காது கூறும் வரலாறும் உடன் வேண்டும். அவற்றோடு, நாம் என்னும் சொல்லை எழுதும்போதெல்லாம் அதற்கு வெளியே யாரை நிறுத்துகிறோம் என்று தம்மைத்தாமே வினவிக்கொள்ளும் கவிஞரும் வேண்டும். இனிவரும் ஆண்டுகளில் நம் வட்டம் அவ்வினாவை மறவாதிருக்க வேண்டும் என்பது என் விழைவு.