பேட்ரிக் ட்ரௌட்டன்: தொடக்ககாலத் தொலைக்காட்சி வாழ்க்கை

பேட்ரிக் ட்ரௌட்டன் (25 மார்ச் 1920 – 28 மார்ச் 1987) ஆங்கிலேயக் குணச்சித்திர நடிகர். 1966 முதல் 1969 வரை பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் இரண்டாவது டாக்டராக வந்தவர் என்றே இன்று பலரும் அவரை அறிவர். அந்த வேடம் வந்தபோது அவருக்கு வயது 46. அதற்கு முன்பே ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொலைக்காட்சியில் உழைத்திருந்தார். அவரை நடிகராக்கியது அந்த உழைப்புதான்; அதில் பெரும்பகுதி இன்று பார்க்கக் கிடைப்பதில்லை.

லண்டனின் மில் ஹில் பகுதியில் பிறந்தவர். உதவித்தொகை பெற்று நியூயார்க்கின் லாங் ஐலண்டில் நடிப்புப் பயின்றுகொண்டிருந்தபோது 1939இல் போர் மூண்டது. ஊர் திரும்பிய கப்பல் கண்ணிவெடியில் மோதி மூழ்க, உயிர்காப்புப் படகில் தப்பினார். 1940இல் கடற்படையில் சேர்ந்தார்.

போரினால் மூடப்பட்ட பிபிசி தொலைக்காட்சி 1946 ஜூனில் அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து மீண்டும் ஒளிபரப்பைத் தொடங்கியது. மறு ஆண்டே ட்ரௌட்டன் அங்கே நுழைந்தார். 1947 டிசம்பரில் ஒளிபரப்பான ‘ஹாம்லெட்’டில் ஹொரேஷியோ அவர்தான். 1948இல் வந்த லாரன்ஸ் ஒலிவியேயின் ‘ஹாம்லெட்’ திரைப்படத்தில், நாடகத்துக்குள் வரும் நாடகத்தின் அரசன் வேடம் அவருக்குக் கிடைத்தது.

அன்றைய தொலைக்காட்சி நாடகம் நேரடி ஒளிபரப்பு. வசனம் மறந்தால் திருத்த வழியில்லை; காட்சி மாறும் சில நொடிகளில் அடுத்த அரங்க அமைப்புக்கு ஓடிச்சென்று நிற்க வேண்டும். ஞாயிறு இரவு நடித்த நாடகத்தை அதே வாரம் மறுபடியும் ஒளிபரப்ப வேண்டுமானால், நடிகர்கள் வந்து முழுவதையும் மறுபடி நடிப்பார்கள். மேடையின் துணிச்சலும், முகத்தருகே நிற்கும் கேமராவுக்கு வேண்டிய அடக்கமும் ஒரே ஆளிடம் தேவைப்பட்டன. இரண்டும் அவரிடம் இருந்தன. மேடையைவிடத் தொலைக்காட்சியையே அவர் விரும்பியதற்கு இந்தப் பொருத்தமே காரணம் எனலாம்.

1953 மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிபிசி ‘ராபின் ஹூட்’ கதையை ஆறு அரைமணிப் பகுதிகளாக ஒளிபரப்பியது. அதில் ராபினாக நடித்த ட்ரௌட்டனே தொலைக்காட்சியின் முதல் ராபின் ஹூட். ஆறு பகுதிகளில் ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் ஐடிவியில் ரிச்சர்ட் கிரீன் நடித்த ராபின் ஹூட் தொடர் தொடங்கிப் பெரும் புகழ் பெற்றது. வேறொருவர் நாயகனாக இருந்த அத்தொடரிலும் ட்ரௌட்டன் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு சிறு வேடங்களில் வந்தார். நாயகப் பட்டத்தைப் பற்றிக்கொள்ளாத மனம் அது. குணச்சித்திர நடிகருக்கு வேண்டிய முதல் தகுதியும் அதுதான். பேட்டிகளையும் விளம்பரத்தையும் அவர் தவிர்த்தே வந்தார். முகம் பழகிவிட்டால் அடுத்த வேடம் நம்பும்படி இராதல்லவா!

‘கிட்நாப்ட்’ கதையின் வாள்வீரன் ஆலன் பிரெக்காக நடித்தவர், 1960இல் ‘பால் ஆஃப் டார்சஸ்’ தொடரில் பவுல் அடிகளாக வந்தார். 1962இல் தொடங்கிய டிக்கன்ஸின் ‘தி ஓல்ட் கியூரியாசிட்டி ஷாப்’ தொடரில் கொடூரக் குள்ளன் குவில்ப். இந்தப் 13 பகுதித் தொடரில் ஒன்றுகூட இன்று இல்லை. நேரடி ஒளிபரப்புகள் பெரும்பாலும் பதிவாகவே இல்லை. பதிவானவற்றிலும் பலவற்றைப் பிபிசியே அழித்துவிட்டது. ஒரு கலைஞருக்குச் செய்த பெரும் அநீதி அது.

1966 நவம்பர் 5இல் அவர் டாக்டராக நடித்த முதல் முழுக் கதை தொடங்கியது. அதன் ஆறு பகுதிகளும் காப்பகத்தில் இல்லை. ரசிகர்கள் தங்கள் வீடுகளில் பதிந்துவைத்த ஒலி மட்டுமே முழுமையாகக் கிடைத்திருக்கிறது.