தாமஸ் கோரியட் பார்த்த இத்தாலி: கண்டது, கேட்டது, தீர்ப்பு

பழைய பயணக் குறிப்புகளை வரலாற்று ஆதாரமாக எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. எழுதியவர் எந்த வரியில் தான் நேரில் பார்த்ததைச் சொல்கிறார், எந்த வரியில் யாரோ சொன்னதை எழுதுகிறார், எந்த வரியில் தன் ஊர்ப் பெருமையைப் பேசுகிறார் என்று அவரே பிரித்துச் சொல்ல மாட்டார். நாம்தான் பிரிக்கணும். லாக் ஃபைல் படிக்கிற மாதிரிதான் இதுவும். இயந்திரம் பதிந்த வரி வேறு, பக்கத்தில் யாரோ எழுதிவைத்த கமெண்ட் வேறு. இரண்டையும் கலந்து படித்தால் தலைகீழான முடிவுக்குத்தான் வருவோம்.

இதைப் பழகிப் பார்க்க அருமையான ஒரு புத்தகம் இருக்கு. இங்கிலாந்துக்காரர் தாமஸ் கோரியட் 1611-ல் வெளியிட்ட பயணநூல். சோமர்செட்டில் ஓட்கோம்ப் என்ற கிராமத்துப் பாதிரியாரின் மகன். இளவரசர் ஹென்றியின் அரண்மனை வட்டத்தில் கிட்டத்தட்ட கோமாளி மாதிரி இருந்த ஆசாமி. 1608 மே மாதம் கிளம்பி, பிரான்ஸ் வழியாக வெனிஸ் போய், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஹாலந்து வழியாக அக்டோபரில் ஊர் திரும்பினார். அவர் கணக்குப்படி 1,975 மைல், 45 நகரங்கள். திரும்பி வரும் வழியில் பெரும்பகுதி நடைதான். அந்தப் பயணத்தில் போட்டிருந்த செருப்பைத் தன் ஊர்ச் சர்ச்சில் தொங்கவிட்டார் என்றால் ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்த்துக்குங்க.

முதலில் அவர் கண்ணால் கண்டவை. இத்தாலிக்காரர்கள் சாப்பிடும்போது ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் சின்ன முள்கரண்டி வைத்திருந்ததைப் பார்க்கிறார். பொதுத் தட்டில் இருக்கும் இறைச்சியை முள்கரண்டியால் அழுத்திப் பிடித்துத்தான் வெட்டணும். யாராவது விரலால் தொட்டுவிட்டால் பந்தியில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், சில சமயம் திட்டே விழும். முள்கரண்டி பெரும்பாலும் இரும்பு அல்லது எஃகு, வெள்ளி என்றால் பெரிய மனிதர்களுக்கு மட்டும். காரணத்தையும் எழுதுகிறார்: எல்லார் விரலும் ஒரே மாதிரி சுத்தமாக இருக்காதே! கவனிச்சீங்களா, பிரச்சினை கையால் சாப்பிடுவது இல்லை. பல பேர் கை ஒரே தட்டுக்குள் போவதுதான்.

கோரியட் ஊருக்குத் திரும்பிய பிறகும் முள்கரண்டியை விடவில்லை. அதைப் பார்த்த நண்பர் லாரன்ஸ் விட்டேக்கர் அவருக்கு 'ஃபர்சிஃபர்' என்று லத்தீனில் பட்டப்பெயர் வைத்தார். 'முள்கரண்டி தூக்கி' என்றும் எடுத்துக்கலாம், 'அயோக்கியன்' என்றும் எடுத்துக்கலாம். இங்கிலாந்துக்கு முள்கரண்டியைக் கொண்டுவந்ததே இவர்தான் என்று இணையத்தில் அடிக்கடி எழுதுகிறார்கள். அது கொஞ்சம் மிகை. பாகில் ஊறிய பழங்களை எடுக்க முள்கரண்டி அங்கே ஏற்கெனவே இருந்தது. சாப்பாட்டு மேஜையில் ஆளுக்கொன்று என்ற வழக்கம்தான் அவருக்குப் புதுசு.

குடையும் அப்படித்தான். தோலால் செய்து, உள்ளே சின்னச் சின்ன மரவளையங்கள் வைத்து விரிக்கிற குடை. குதிரையில் போகிறவர்கள் பிடியைத் தொடையில் கட்டிக்கொள்வார்களாம். விலை குறைந்தது ஒரு டக்கட். இவ்வளவு விவரமும் எழுதியவர் அது வெயிலுக்காக என்றுதான் சொல்கிறார்.

வெனிஸில் நாடகம் பார்க்கப் போனவர் மேடையில் பெண்கள் நடிப்பதைப் பார்த்து அசந்துபோனார். இங்கிலாந்தின் தொழில்முறை மேடையில் அப்போது பெண் வேஷத்தைப் பையன்கள்தான் போடுவார்கள். பெண்களே நடிப்பது அங்கே வழக்கமானது 1660-க்குப் பிறகு. இந்தப் பெண்கள் எந்த ஆண் நடிகருக்கும் குறைந்தவர்கள் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் வெனிஸின் நாடகக் கொட்டகை எங்கள் ஊர்க் கொட்டகை கால்தூசிக்குக் காணாது என்று சொல்லவும் தவறவில்லை.

அவர் சும்மா எண்ணிவைத்த எண்ணிக்கைகூடப் பின்னால் சரித்திரமாயிற்று. ஆகஸ்டில் புனித ரோக்கோ திருநாளன்று ஒரு கச்சேரி கேட்டார். 10 டிராம்போன், 4 கார்னெட், வரிசையாக 7 ஆர்கன் என்று கணக்கெடுத்து வைத்திருக்கிறார். அந்தக் கால வெனிஸ் இசை எப்படி ஒலித்திருக்கும் என்று தேடுகிற இசை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுகிறார்கள்.

இரண்டாவது வகை, காதில் விழுந்தவை. வெனிஸிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் குறைந்தது 20,000 கணிகையர் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று எழுதுகிறார். நகரத்தின் ஜனத்தொகையே அப்போது சுமார் ஒன்றரை லட்சம்தான். குழந்தை, கிழவி எல்லாரையும் சேர்த்தே பெண்கள் முக்கால் லட்சம் என்று வைத்தால், நாலில் ஒருத்தி என்று ஆகிவிடும். ஆர்கன்களைப் போல இதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. ஊர்ப்பேச்சைக் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். இரண்டு எண்களும் ஒரே புத்தகத்தில் இருந்தாலும் ஒரே எடை கிடையாது.

மூன்றாவது வகை, தீர்ப்பு. வெனிஸின் பெரிய பணக்காரர்கள் தாங்களே சந்தைக்குப் போய் மீனும் பழமும் வாங்குவதைப் பார்க்கிறார். பார்த்தது சரிதான். ஆனால் அது அவருக்குக் கௌரவக் குறைச்சலாகப் படுகிறது. எங்கள் ஊர் கனவான் சமையல்காரனைத்தான் அனுப்புவார் என்கிறார். உயரக் கட்டைச் செருப்பு போட்டுக்கொண்டு, துணைக்கு ஆள் இல்லாமல் பாலத்துப் படி இறங்கிய ஒரு பெண் மோசமாக விழுந்ததைப் பார்த்தும் தனக்கு இரக்கமே வரவில்லை என்று எழுதுகிறார். இப்படிப்பட்ட வரிகளிலிருந்து வெனிஸைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். இங்கிலாந்தைப் பற்றி நிறையத் தெரியும்.

இந்த மூன்றும் மோதுகிற இடம் ஒன்று உண்டு. புத்தகத்திலேயே முக்கியமான பகுதி அதுதான் என்பேன். 1516 முதல் வெனிஸ் அரசு யூதர்களைக் 'கெட்டோ' என்ற ஒரு பகுதிக்குள் மட்டும் குடியிருக்க வைத்தது. ராத்திரி ஆனால் கதவைப் பூட்டிவிடுவார்கள். கோரியட் அங்கே போகிறார். யூதர்கள் என்றாலே முகம் விகாரமாக இருக்கும் என்று இங்கிலாந்தில் ஒரு பழமொழி. நேரில் பார்த்ததும், அந்தப் பழமொழி பொய், இவர்களில் பலர் நல்ல அழகர்கள் என்று எழுதுகிறார். மேற்கிலிருந்து வந்தவர்களுக்குச் சிவப்புத் தொப்பி, கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு மஞ்சள் தலைப்பாகை என்பது வரை குறித்துவைக்கிறார். ஊர் முழுக்கச் சொன்ன ஒன்றைத் தன் கண்ணை நம்பி மறுத்த இடம் அது.

அதோடு நிறுத்தினாரா? லத்தீன் நன்றாகத் தெரிந்த ஒரு ரப்பியைப் பிடித்து, உங்கள் மதத்தை விட்டு எங்கள் மதத்துக்கு வாருங்கள் என்று வாதம் பண்ண ஆரம்பித்துவிட்டார். ராத்திரியில் பூட்டிவைக்கப்படும் மனிதர்களிடம், அவர்கள் தெருவிலேயே நின்றுகொண்டு! ரப்பிக்குக் கோபம் வந்தது. நாற்பது ஐம்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள். தற்செயலாகப் படகில் அந்தப் பக்கம் வந்த இங்கிலாந்துத் தூதர் ஹென்றி வோட்டன் தன் ஆளை அனுப்பி மீட்டுக்கொண்டு போனார். ஒரு பழமொழியைத் தூக்கிப்போட முடிந்த அதே ஆளால், பார்த்த மனிதர்கள் யார் என்று யோசிக்க முடியவில்லை. கண் கற்றுக்கொண்டது, வாய் கற்றுக்கொள்ளவில்லை.

அதனால் அவரை ஒதுக்கிவிட வேண்டுமா என்றால், கூடாது. முன்தீர்மானம் உள்ளவர் என்று தள்ளினால் ஆர்கன் கணக்கும் கெட்டோ தொப்பிகளும் சேர்ந்தே போய்விடும். நேரில் பார்த்தவர் ஆயிற்றே என்று முழுசா நம்பினால் 20,000-ஐயும் நம்பவேண்டி வரும். வரிவரியாகத்தான் பிரிக்கணும், வேறு குறுக்குவழி இல்லை.

இது நமக்கும் வேண்டிய பழக்கம், ஏன்னா இதே மனிதர் நம் பக்கமும் வந்தார். 1612-ல் மறுபடி கிளம்பி, அலெப்போவிலிருந்து பெரும்பாலும் நடந்தே 1615-ல் அஜ்மீர் வந்து சேர்ந்தார். பாரசீகம் கற்று, ஜஹாங்கீர் முன்னால் அதிலேயே ஒரு பேச்சுப் பேசி 100 ரூபாய் வாங்கினார். நம் நாட்டு மானம் போச்சே என்று இங்கிலாந்துத் தூதர் தாமஸ் ரோ கடிந்துகொண்டாராம். 1617 டிசம்பரில் சூரத்தில் இறந்தார். அஜ்மீரிலிருந்து அவர் எழுதிய கடிதங்களிலும் இந்த மூன்று வகை வரிகளும் கலந்துதான் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கிற வேலையை இன்னொரு பதிவில் வைத்துக்கொள்வோம்.