பூ உதிர்ந்த ஆர்க்கிட்டும் மரவாழை என்ற பழைய பெயரும்



நம் கட்டிடத்தில் ஆர்க்கிட் இல்லாத பால்கனிகளை இப்போது எண்ணிவிடலாம். பால்காய்ப்புக்கும் பிறந்தநாளுக்கும் பரிசாக வருகிறது. இரண்டு மாதம் பூத்து நிற்கிறது. கடைசிப் பூ உதிர்ந்ததும் கேட்கிறீர்கள்: "இது இனியும் பூக்குமா, தூக்கிப் போட்டுவிடலாமா?" நான் தோட்டக்கலை படிக்கவில்லை, வணிகவியல் படித்து வங்கியில் பேரேடு பார்த்தவன். இன்றைய கணக்கு இடித்தால் பழைய பக்கத்தைப் புரட்டுவது எங்கள் தொழில் பழக்கம். ஆர்க்கிட்டின் பழைய பக்கம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கொச்சியில் டச்சுக்காரர்களின் தலைமை அதிகாரியாக 1670 முதல் 1677 வரை இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். மலையாளக் கரையின் செடிகொடிகளைப் படத்தோடு தொகுக்க ஆசைப்பட்டார். இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி அறிஞர்களும் பெயரும் குணமும் எடுத்துச் சொன்னார்கள். 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. மொத்தம் 742 செடிகள். கடைசித் தொகுதி அச்சேறியபோது வான் ரீட் உயிரோடு இல்லை, 1691இலேயே இறந்துவிட்டார். ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை இருப்பது அந்தப் 12ஆம் தொகுதியில்தான். (அதே டச்சுக் கம்பெனியைத்தான் 1741இல் நம் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். போரை எல்லோருக்கும் தெரியும், புத்தகத்தைச் சிலருக்கே தெரியும்.)

அதில் ஆர்க்கிட்டுக்கு இட்ட பெயர் 'மரவாழை'. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நமக்கு இந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஆஞ்ஞிலி மரவாழை என்று ஒரு படம். ஆஞ்ஞிலி என்றால் நாம் அயனி என்கிறோமே, அயனிச்சக்கை காய்க்கும் அதே மரம். இன்னொன்று காஞ்சிர மரவாழை. காஞ்சிரம் என்பது எட்டி மரம். மூன்றாவது பொன்னாம்பூ மரவாழை, மஞ்சள் பூவுக்காக வந்த பெயர். 1753இல் லின்னேயஸ் அறிவியல் பெயர் சூட்டியபோது இந்தப் படங்களையே ஆதாரமாகக் கொண்டார். பின்னாளில் அவற்றுக்கு வழங்கிய பெயர்கள் முறையே ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா, சிம்பிடியம் அலோயிஃபோலியம், வாண்டா ஸ்பதுலாட்டா. முதலாவதைத்தான் நரிவால் ஆர்க்கிட் என்பார்கள். அசாமில் பிஹு திருநாளில் பெண்கள் கொண்டையில் சூடுவது அதையே.

வைத்தியர்கள் சொன்ன பெயரில் பூவின் அழகுக்கு முன்பு அது குடியிருக்கும் மரம் வந்துவிடுகிறது. வளர்ப்பின் பாதி அதில் அடங்கியிருக்கிறது. இது புல்லுருவி போல மரத்தை உறிஞ்சுவதில்லை, பட்டையைப் பற்றிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். மழையில் வேர் நனையும், ஒரு மணி நேரத்தில் காற்று உலர்த்திவிடும். இலைகளுக்கு நடுவே வடிகட்டிய வெயில் கிடைக்கும். வேர்மேல் வெள்ளையாகத் தெரிகிறதே, அது பஞ்சு போன்ற உறை. தண்ணீரைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். அதை மண்ணில் புதைத்தால் அழுகாமல் என்ன செய்யும்?

இங்கிலாந்துக்காரர்கள் இதைக் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலை பெரிது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்பநாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக ஆர்க்கிட் கொண்டுபோனார்கள். வெப்பநாட்டுச் செடிதானே என்று கண்ணாடி வீட்டை இறுக மூடி, அடுப்பெரித்து, ஆவியில் வைத்தார்கள். கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1830களில் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் சூட்டைக் குறைத்து, காற்றோட்டம் கொடுத்த பிறகுதான் பிழைத்தன. 1850இல் காசி மலையில் நீல வாண்டாவைப் பார்த்த ஜோசப் ஹூக்கர், அது வெயிலும் காற்றும் பனியும் படும் மரங்களில் செழிப்பதைக் கண்டு, நம் ஊரில் இதை எப்படி வளர்க்கிறார்கள் என்று வியந்து எழுதினார். எழுதிய கையோடு ஏழு ஆள் சுமையைக் கட்டியும் அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை சொற்பம்.

இப்போது நம் பால்கனிக்கு வருவோம். பரிசாக வருபவை பெரும்பாலும் பட்டாம்பூச்சி போன்ற பூ உடைய ஃபெலனாப்சிஸ். பகல் வெப்பம் சில வாரங்கள் 26 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அதற்குப் புதிய பூந்தண்டு வரும். 28 டிகிரிக்கு மேல் இலை மட்டுமே போடும். புதுக்கடையில் அந்தக் குளிர்ச்சிக்கு எங்கே போவது? இரவில் மட்டும் ஏசி போட்டாலும் போதாது. பூத்த தண்டு பச்சையாக இருந்தால் அடியில் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டிப் பாருங்கள், சிலவேளை கிளைத்துப் பூக்கும். அதற்கு மேல் அந்தச் செடியை நொந்து பயனில்லை.

நம் ஊருக்கு ஏற்றவை டென்ட்ரோபியமும் வாண்டாவும். இடவப்பாதியும் ஐப்பசி மழையும் கிடைக்கும் இடம் நமது. கிழக்குப் பால்கனியில் காலை வெயில் படத் தொங்கவிடுங்கள். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, பூ வராது. இளம்பச்சை நல்ல அடையாளம். சட்டியில் மண் வேண்டாம். இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்த கதம்பல் துண்டு, கரி, ஓட்டுச் சில்லு போதும். இலை உதிர்ந்த டென்ட்ரோபியம் தண்டைக் காய்ந்த குச்சி என்று பலர் வெட்டிவிடுகிறார்கள். பச்சையாக இருக்கும்வரை அது சேமிப்புக் கணக்கு. அதிலிருந்தே மறுபடி பூக்கும்.

ஒரு வேண்டுகோள். மலைக்குப் போய் வருபவர் யாராவது காட்டு ஆர்க்கிட்டைப் பிடுங்கி வந்து விற்றால் வாங்காதீர்கள். அகத்தியமலைப் பகுதிக்கே உரிய பாஃபியோபெடிலம் ட்ரூரி என்ற செருப்பு வடிவ ஆர்க்கிட், திருவிதாங்கூரில் பணியாற்றிய கர்னல் ட்ரூரியின் பெயர் தாங்கியது. 1874இல் பெடோம் அதை உலகுக்கு அறிவித்தார். அதன் பிறகு சேகரிப்பாளர்கள் அள்ளிய அள்ளலில் அழிவின் விளிம்புக்கே போய்விட்டது. இன்று சட்டம் பாதுகாக்கும் செடி அது. பொன்னாம்பூ மரவாழைக்கும் தட்டுப்பாடு வந்து, பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம் குடுவையில் வளர்த்துக் காட்டுக்குத் திருப்பிக் கொடுக்கும் வேலையைச் செய்திருக்கிறது. கடையில் நீங்கள் வாங்குபவையும் குடுவையில் பிறந்தவைதான். அவற்றை வாங்குவதில் காட்டுக்கு நஷ்டமில்லை.

பூ முடிந்த டென்ட்ரோபியத்தை வைத்திருக்க இடமில்லை என்பவர்கள் குப்பைத் தொட்டியில் போடாமல் காவலாளி அறையில் கொடுங்கள். வாசல் மாமரத்தில், ஆள் உயரத்துக்கு மேல், கிழக்குப் பார்த்த பக்கத்தில் கயிற்றால் கட்டிவிடலாம். வேர் பட்டையைப் பிடிக்கும்வரை காலையில் தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும். திங்கள், வியாழன் நான் பார்த்துக்கொள்கிறேன். மற்ற நாட்களுக்குப் பெயர் கொடுங்கள்.