கெல்லி மாளிகைக்கு ஒரு நாள்

பேராக் மாநிலத்துப் பத்து காஜாவுக்கு அருகே, குன்றொன்றின்மேல் முற்றுப்பெறாது நிற்பது கெல்லி மாளிகை. ஸ்காட்லாந்தில் 1870இல் பிறந்த தோட்டத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித், 1915இல் இதனைக் கட்டத் தொடங்கினார். பணிக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பெற்றனர். 1918ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் அவர்களுள் பலரை மாய்த்தது. எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டினர், துரையும் இசைந்தார். 1926இல் அவர் லிஸ்பனில் மறையவே, மாளிகை குறையாக நின்றுவிட்டது.

மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், அருகிலுள்ள அக்கோயிலிலிருந்து பயணத்தைத் தொடங்குதல் நன்று. நண்பகலில் நடை சாத்துவது கோயில்களின் வழக்கம் என்பது ஒரு காரணம். மாளிகையை முதலிற் கண்டவர் துரையின் கனவை மட்டுமே காண்பர் என்பது மற்றொன்று. கோயிற் சிற்பங்களிடையே துரையின் உருவமெனக் கூறப்படும் ஒன்றும் உண்டு, அதனையும் காட்டலாம்.

பின்னர் மாளிகையில் மின்தூக்கிக்கென விடப்பட்ட இடத்தையும் செங்கற் சுவர்களையும் காணும்போது, ‘இவற்றை அடுக்கிய கைகள் யாருடையவை?’ என்னும் வினா மாணவரிடம் தானே எழும். மறுநாள் அவ்வினாவையே கட்டுரைத் தலைப்பாக்குக. மாளிகைக்குத் துரையின் பெயர் நிலைத்துவிட்டது. கட்டியோரை நினைவிற் கொள்வது தமிழ் வகுப்பறைகளின் கடன்.